அங்கீகாரம் இல்லாத அரசுக்கு ராஜதந்திரம்: முதல் காகிதத்திலிருந்து ஐ.நா. வாசல் வரை

உங்களை ஒரு நாட்டின் வெளியுறவு அமைச்சராக்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அமைச்சகம் என்பது நாலைந்து அறைகள். விமான டிக்கெட்டுக்கே நிதி அமைச்சகத்தோடு இழுபறி. நீங்கள் ஒரு நாடு என்பதையே உலகில் பெரும்பாலானோர் ஒப்புக்கொள்ளவில்லை. உங்கள் பாஸ்போர்ட்டைப் பார்த்து விமான நிலைய அதிகாரி மேலாளரைக் கூப்பிடுகிறார். என்ன செய்வீர்கள்?

இது கற்பனை இல்லை. சோமாலியா தன் பகுதி என்று சொல்லும் சோமாலிலாந்து, மொராக்கோ தன்னுடையது என்று சொல்லும் மேற்கு சஹாரா, விடுதலைக்கு முந்தைய கிழக்கு திமோர் ஆகியவற்றின் பிரதிநிதிகள் பல ஆண்டுகள் வாழ்ந்த வாழ்க்கை இது. அங்கீகாரம் பெற்றும் கையில் ஆள்பலம் இல்லாத, பசிபிக் கடலின் மார்ஷல் தீவுகள் போன்ற நாடுகளின் நிலையும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

கார்ன் ராஸ் என்ற பிரிட்டிஷ் தூதர் நியூயார்க்கில் ஐ.நா.வில் ஈராக் விவகாரத்தைக் கவனித்தவர். ஈராக் போர் தொடர்பாக 2004இல் பட்லர் விசாரணைக் குழுவிடம் சாட்சியம் கொடுத்துவிட்டு வேலையை விட்டார். அதே ஆண்டு ‘இன்டிபென்டன்ட் டிப்ளமேட்’ என்ற லாப நோக்கற்ற அமைப்பைத் தொடங்கினார். செர்பியாவிலிருந்து பிரிந்த கொசோவோ, சோமாலிலாந்து, மேற்கு சஹாராவின் விடுதலை இயக்கமான பொலிசாரியோ முன்னணி ஆகியோருக்கு அது ராஜதந்திர ஆலோசனை தந்தது. யோசனை எளிமையானது: பெரிய நாடுகளின் தூதர்களுக்குத் தெரிந்த உள்வட்டப் பழக்கங்களை, அறைக்கு வெளியே நிற்பவர்களுக்குச் சொல்லித்தருவது. எந்தத் தீர்மானத்தை யார் எழுதுகிறார்கள், எப்போது எழுதுகிறார்கள், எந்த மேசையில் அமர்ந்திருப்பவருக்கு மின்னஞ்சல் போட வேண்டும் என்பதெல்லாம் ரகசியம் இல்லை. ஆனால் யாரும் எழுதி வைப்பதும் இல்லை. என் கணக்கில், சிறிய அரசுகள் தோற்கும் இடங்களில் பாதி நியாயம் இல்லாததால் அல்ல, இந்த நடைமுறை தெரியாததால்தான்.

சரி, வேலையைத் தொடங்குவோம்.

முதல் படி: உங்கள் பிரச்சினை எந்த வகை?

‘அங்கீகாரம் வேண்டும்’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, நாட்டுக்கு அங்கீகாரம். மற்றது, ஏற்கெனவே இருக்கும் நாட்டில் யார் அரசு என்ற கேள்வி. மியான்மர் இரண்டாம் வகை. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகும், ராணுவத்தை எதிர்த்து ஐ.நா. பொதுச் சபையில் மூன்று விரலை உயர்த்திக் காட்டிய தூதர் சோ மோ துன் தன் இருக்கையிலேயே தொடர்ந்தார். காரணம் ஒரு நடைமுறை நுணுக்கம். ஒரு நாட்டின் இருக்கையில் யார் அமரலாம் என்று பார்க்க, நற்சான்றுக் குழு என்று ஒன்பது நாடுகள் கொண்ட ஒரு குழு உண்டு. அது முடிவை ஒத்திவைத்தால், இருப்பவரே இருப்பார். ஆகவே அந்தத் தரப்புக்கு வேலை ‘எங்களை அங்கீகரியுங்கள்’ என்று கேட்பது இல்லை. ‘ஒத்திவையுங்கள்’ என்று கேட்பதே போதும். கேட்பதும் லேசு, கொடுப்பதும் லேசு.

நீங்கள் முதல் வகை என்றால் 1933 டிசம்பர் 26 அன்று கையெழுத்தான மான்டிவீடியோ ஒப்பந்தத்தை எடுத்து வையுங்கள். நிலையான மக்கள்தொகை, வரையறுத்த நிலப்பரப்பு, அரசு, பிற நாடுகளோடு உறவு வைக்கும் திறன் என்ற நான்கும் இருந்தால் அது ஒரு நாடு. பிறர் அங்கீகாரத்தைப் பொறுத்து அதன் இருப்பு இல்லை என்றும் அந்த ஒப்பந்தம் சொல்கிறது. படிக்க நன்றாக இருக்கும். நடைமுறையில் அங்கீகாரம் என்பது முழுக்க அரசியல் முடிவு. மான்டிவீடியோவைக் காட்டி எந்த வெளியுறவு அமைச்சகத்தின் கதவும் திறந்ததில்லை. அதை அடித்தளமாக வைத்துக்கொள்ளுங்கள், ஆயுதமாக நினைக்காதீர்கள்.

அப்புறம் முக்கியமான ஒரு சோதனை: உங்களை அங்கீகரிக்க வேண்டாம் என்று பாதுகாப்பு கவுன்சில் ஏற்கெனவே சொல்லியிருக்கிறதா? வடக்கு சைப்ரஸ் 1983இல் தனிநாடு என்று அறிவித்தது. 541, 550 ஆகிய தீர்மானங்கள் எல்லா நாடுகளையும் அங்கீகரிக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டன. அப்படி ஒரு தீர்மானம் இருந்தால் உங்கள் பாதை வேறு. சோமாலிலாந்துக்கு அந்தத் தடை கிடையாது.

சோமாலிலாந்து தன் வாதத்தைச் செதுக்கிய விதம் பாடமாக வைக்கத் தக்கது. அது பிரிட்டிஷ் சோமாலிலாந்து என்ற பெயரில் 1960 ஜூன் 26 அன்று சுதந்திரம் பெற்றது. ஐந்து நாள் கழித்து ஜூலை 1 அன்று, இத்தாலியின் பிடியிலிருந்து விடுபட்ட தெற்கோடு சேர்ந்தது. அந்த ஐந்து நாளில் 35 நாடுகள் தன்னை அங்கீகரித்ததாக அது சொல்கிறது. பிறகு சோமாலியாவின் சர்வாதிகாரி சியாத் பாரேயின் ஆட்சி. 1988இல் சோமாலிலாந்தின் தலைநகர் ஹர்கெய்சாவைத் தரைமட்டமாக்கிய குண்டுவீச்சு. 1991 மே 18 அன்று புராவ் நகரில் சுதந்திரம் மீட்பு. இதில் ‘பிரிவினை’ என்ற சொல்லே வராது. ‘விருப்பப்பட்டுச் சேர்ந்தோம், ஒன்றியம் கலைந்தது, பழைய எல்லைக்குத் திரும்பினோம்’ என்பதுதான் வரிசை. ஏன் இப்படி? காலனிய எல்லைகளை மாற்றக் கூடாது என்று ஆப்பிரிக்க நாடுகள் 1964இல் கெய்ரோவில் முடிவெடுத்தன. அந்த விதியை மீறுகிறோம் என்று சொல்லாமல், அந்த விதிப்படியே நடக்கிறோம் என்று காட்டும் வாதம் இது. 2005இல் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் உண்மையறியும் குழு ஹர்கெய்சாவுக்குப் போய், இது தனித்தன்மை வாய்ந்த வழக்கு என்று எழுதிக் கொடுத்தது. அந்த அறிக்கை அலமாரியில் தூங்கியது வேறு கதை. ஆனாலும் சோமாலிலாந்தின் தூதர்கள் இன்றுவரை எடுத்து நீட்டும் முதல் காகிதங்களில் அது ஒன்று.

உங்கள் வாதத்தையும் இதேபோல், எதிராளி மதிக்கும் விதிக்குள்ளேயே நிற்கும்படி, ஒரு பக்கத்தில் எழுதுங்கள். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை என்றால் இன்னும் தெளிவு வரவில்லை.

இரண்டாம் படி: பேனா யார் கையில்?

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, மேலே பார்ப்பது. ‘ஜனாதிபதியைச் சந்திக்க வேண்டும், வெளியுறவுச் செயலரைச் சந்திக்க வேண்டும்’ என்று அலைவார்கள். ஒரு புகைப்படம் கிடைக்கும், அதோடு சரி. முடிவின் வாசகத்தை எழுதுகிறவர் கீழே, உங்கள் பகுதிக்குப் பொறுப்பான மேசையில், முப்பது முப்பத்தைந்து வயதில் உட்கார்ந்திருப்பார். அவரைப் பிடியுங்கள்.

பாதுகாப்பு கவுன்சிலில் ஒவ்வொரு விவகாரத்துக்கும் வரைவு எழுதும் நாடு ஒன்று இருக்கும். ஐ.நா. வட்டாரத்தில் ‘பென்ஹோல்டர்’ என்பார்கள். சோமாலியா விவகாரத்தில் பேனா பிரிட்டன் கையில். மேற்கு சஹாராவில் அமெரிக்கா கையில். பதினைந்து நாடுகள் கைதூக்கும் நாளில் வாசகம் ஏறக்குறைய முடிந்துபோயிருக்கும். அதை மாற்ற வேண்டுமென்றால் வரைவு சுற்றுக்கு வரும் முன், சில வாரங்களுக்கு முன்பே உங்கள் காகிதம் பேனா பிடித்தவர் மேசையில் இருக்க வேண்டும்.

மேற்கு சஹாராவில் மினுர்சோ என்ற ஐ.நா. படை 1991 முதல் இருக்கிறது. சுதந்திரமா, மொராக்கோவோடு இணைப்பா என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தப் போனது. வாக்கெடுப்பு இன்றுவரை நடக்கவில்லை. அதற்கு மனித உரிமைகளைக் கண்காணிக்கும் அதிகாரமும் கிடையாது. ‘அந்த அதிகாரத்தைச் சேருங்கள்’ என்ற ஒற்றை வரிக் கோரிக்கையைப் பொலிசாரியோவும் அதன் ஆதரவாளர்களும் ஆண்டுதோறும் வைத்தார்கள். 2013 ஏப்ரலில் அமெரிக்க வரைவில் அந்த வரி ஏறியே விட்டது! மொராக்கோ கொதித்தது, அமெரிக்காவோடு நடத்த இருந்த கூட்டு ராணுவப் பயிற்சியை ரத்து செய்தது. சில நாட்களில் வரி காணாமல் போனது. இதில் இரண்டு பாடம். ஒரு வரிக் கோரிக்கை வரைவுக்குள் போக முடியும். போனபின் அதைக் காப்பாற்ற வேறு தலைநகரங்களில் ஆள் இருக்க வேண்டும். 2025 அக்டோபர் 31 அன்று அதே பேனா, மொராக்கோவின் தன்னாட்சித் திட்டத்தைப் பேச்சுவார்த்தைக்கு அடிப்படையாக்கும் தீர்மானத்தை எழுதியது. பேனா எப்போதும் உங்கள் பக்கம் சாயும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

ஆகவே ஒரு நோட்டு போடுங்கள். பதினைந்து உறுப்பினர்கள், அவர்களில் இந்த ஆண்டோடு வெளியேறும் ஐவர், உள்ளே வரும் ஐவர், மாதந்தோறும் மாறும் தலைவர், உங்கள் விவகாரத்துக்கான தேதிகள், ஒவ்வொரு தூதரகத்திலும் மேசை அதிகாரியின் பெயர். ஜனவரியில் உள்ளே வரப்போகும் நாட்டின் தலைநகருக்கு அதற்கு முந்தைய இலையுதிர்காலத்திலேயே போய்விடுங்கள். அந்தச் சமயத்தில் அவர்களுக்கே உங்கள் கோப்பு புதிது. முதலில் சொல்லிக்கொடுத்தவர் சொன்னது மனதில் நிற்கும்.

மூன்றாம் படி: ஆலோசகர் தேவை, முதலாளி தேவையில்லை

காசு கேட்டு வருபவர்கள் நிறைய. வாஷிங்டனில் லாபி நிறுவனங்கள் மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு கூட்டங்கள் பிடித்துத் தரும். சில பயனுள்ளவை, பல விலை உயர்ந்த டைரி. அமெரிக்காவில் வெளிநாட்டுத் தரப்புக்காக இப்படி வேலை செய்கிறவர்கள் 1938ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதித் துறையில் பதிய வேண்டும். ஒப்பந்தமும் பணமும் பொதுவெளிக்கு வரும். இதை வரமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடும் முன், அதே நிறுவனம் உங்கள் எதிர்த்தரப்புக்கு வேலை செய்கிறதா என்று அந்தப் பதிவேட்டிலேயே தேடலாம். உங்கள் ஒப்பந்தமும் நாளை எதிர்க்கட்சி கையில் கிடைக்கும் என்பதை நினைவில் வைத்து எழுதுங்கள்.

இலவசமாகவோ மலிவாகவோ கிடைப்பதை முதலில் தீர்த்துவிடுங்கள். அமைதிப் பேச்சுக்கும் அரசியலமைப்பு எழுதவும் 1995இல் தொடங்கிய ‘பப்ளிக் இன்டர்நேஷனல் லா அண்ட் பாலிசி குரூப்’ கட்டணம் இல்லாமல் வக்கீல்களைத் தருகிறது. காலநிலைப் பேச்சுகளில் ஏழை நாடுகளுக்கு ‘லீகல் ரெஸ்பான்ஸ் இன்டர்நேஷனல்’ உண்டு. உலக வர்த்தக அமைப்பு என்றால் ஜெனீவாவில் 2001 முதல் ஒரு ஆலோசனை மையம். காமன்வெல்த்தைச் சேர்ந்த சிறு நாடு என்றால் நியூயார்க்கிலும் ஜெனீவாவிலும் சலுகை வாடகையில் அலுவலக இடம் கிடைக்கும். நியூயார்க்கில் 1983 முதலே இருக்கிறது. நாடே இல்லாத மக்களுக்கு, ஹேக்கில் 1991இல் தொடங்கிய ‘பிரதிநிதித்துவம் இல்லாத நாடுகள், மக்கள் அமைப்பு’. எஸ்டோனியா, லாட்வியா, பலாவ், கிழக்கு திமோர் எல்லாம் ஒருகாலத்தில் அதில் இருந்து பிறகு ஐ.நா.வுக்குப் போனவை.

ஆலோசகரோடு எழுத்தில் போட வேண்டியவை: அவர் உங்கள் பெயரில் பேசக் கூடாது, உங்கள் அனுமதி இல்லாமல் எந்தக் காகிதமும் வெளியே போகக் கூடாது, எழுதியதெல்லாம் ஒப்பந்தம் முடியும்போது உங்களிடம் வர வேண்டும், உங்கள் ஆட்கள் இரண்டு பேரையாவது பழக்கிவிட்டுத்தான் போக வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு உரைகல். மூன்று ஆண்டு கழித்தும் அவர் இல்லாமல் உங்களால் ஒரு பக்கம் எழுத முடியவில்லை என்றால், அவர் சொல்லித்தரவில்லை, வாடகை வாங்கியிருக்கிறார்.

இருக்கையை வெளியாரிடம் விட்டால் என்ன ஆகும்? மார்ஷல் தீவுகளின் கொடி பறக்கும் கப்பல்கள் உலகக் கடலில் ஏராளம். அந்தக் கப்பல் பதிவேட்டை நடத்துவது அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருக்கும் ஒரு தனியார் நிறுவனம்; கடல்சார் கூட்டங்களில் நாட்டின் இருக்கையில் வழக்கமாக அமர்ந்தவர்களும் அதன் ஆட்களே. 2015இல் வெளியுறவு அமைச்சர் டோனி டி பிரம் லண்டனில் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் கூட்டத்துக்குத் தானே போய் உட்கார்ந்து, கப்பல்களின் கரியமிலப் புகைக்கு ஒரு வரம்பு வேண்டும் என்று கேட்டார். கடல் மட்டம் உயர்ந்தால் மூழ்கப்போகிற நாடு அது. கப்பல்காரர்களின் நலனும் தீவுக்காரர்களின் நலனும் ஒன்றில்லை என்பதை அமைச்சர் நேரில் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

நான்காம் படி: பெயர்ப்பலகையில் என்ன எழுதுவது?

சென்னையிலேயே பார்க்கலாம். தைவானுக்கு இங்கே தூதரகமோ துணைத் தூதரகமோ கிடையாது. இருப்பது 2012இல் திறந்த ‘தைபே பொருளாதார பண்பாட்டு மையம்’. விசா வேலை, வர்த்தகம், மாணவர் உதவித்தொகை எல்லாம் அங்கே நடக்கும். ‘தைவான்’ என்ற சொல் பலகையில் இல்லாததால் டெல்லிக்குச் சங்கடம் இல்லை. சோமாலிலாந்தும் தைவானும் ஒருவரையொருவர் முறைப்படி அங்கீகரிக்காமலேயே 2020இல் அலுவலகங்கள் திறந்தன. அங்கே பலகையில் ‘தைவான்’ என்றே இருக்கிறது. இடத்துக்கு இடம் எவ்வளவு இழுக்கலாம் என்று பார்த்து இழுக்க வேண்டும்.

பெயருக்காகச் சண்டை போடாதீர்கள். ‘தொடர்பு அலுவலகம்’, ‘பிரதிநிதி அலுவலகம்’, ‘வர்த்தக மையம்’, எது கிடைத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளூர்ச் சட்டப்படி நிறுவனமாகவோ சங்கமாகவோ பதிந்தால் வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், ஊழியர் விசா மூன்றும் தீரும். ராஜதந்திரப் பாதுகாப்பு கிடைக்காது என்பதை மட்டும் மறக்காதீர்கள். உங்கள் பெட்டியைத் திறப்பார்கள், உங்கள் பிரதிநிதியைக் கைது செய்யவும் முடியும்.

ஐந்தாம் படி: காகிதம்

இதில்தான் நேரத்தைப் போட வேண்டும். கூட்டம் இருபது நிமிடம். அதில் நீங்கள் பேசியதில் மேசை அதிகாரி நினைவில் வைப்பது இரண்டு வரி. மிச்சத்தை அவர் காகிதத்திலிருந்துதான் எடுப்பார்.

வழக்கமாக வரும் காகிதம் இப்படி இருக்கும்: ‘வீரம் செறிந்த எம் மக்கள் ஐம்பது ஆண்டுகளாக ரத்தமும் கண்ணீரும் சிந்தி, ஆக்கிரமிப்பாளரின் கொடுமைகளை எதிர்த்து நிற்கையில், சர்வதேசச் சமூகம் இனியும் கண்மூடி இருக்கலாகாது என்று வேண்டுகிறோம்.’ பதினெட்டு பக்கம். ஒவ்வொரு வரியும் உண்மையாக இருக்கலாம். ஆனால் படிக்கிறவர் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? தன் மேலதிகாரிக்கு எழுத வேண்டிய குறிப்பில் இதை எங்கே ஒட்டுவார்?

வேலை செய்யும் காகிதம் இப்படி: ‘அக்டோபர் இறுதியில் மினுர்சோவின் பணிக்காலம் நீட்டிக்கப்படும். ஐ.நா. அமைதிப் படைகளில் பலவற்றுக்கு இருக்கும் மனித உரிமைக் கண்காணிப்பு இதற்கு இல்லை. நீட்டிப்புத் தீர்மானத்தில் கீழ்க்கண்ட வாக்கியத்தைச் சேர்க்கக் கோருகிறோம்.’ அதற்குக் கீழே, தீர்மானத்தின் மொழியிலேயே, அப்படியே வெட்டி ஒட்டும்படி ஒரு வாக்கியம். பிறகு எதிர்த்தரப்பு என்ன சொல்லும், அதற்குப் பதில் என்ன என்று மூன்று வரி. தொடர்பு எண். அவ்வளவுதான். மேசை அதிகாரியின் பாதி வேலையை நீங்களே செய்து கொடுத்துவிட்டீர்கள். அடுத்த முறை அவரே கூப்பிடுவார்.

இதற்கு ‘நான்-பேப்பர்’ என்று ஒரு விசித்திரமான பெயர் உண்டு. முத்திரை, கையெழுத்து, முகவரித் தாள் எதுவும் இல்லாத காகிதம். யாரும் கொடுக்கவில்லை, யாரும் வாங்கவில்லை. அங்கீகாரம் இல்லாத உங்களுக்கு இது வரப்பிரசாதம்: உங்கள் முத்திரையுள்ள கடிதத்தை வாங்கத் தயங்குகிறவர், முத்திரை இல்லாத தாளைத் தயங்காமல் பையில் போட்டுக்கொள்வார்.

இன்னொன்று: எண்களில் பொய் வேண்டாம். ஒருமுறை பெருக்கிச் சொல்லி மாட்டினால், பிறகு நீங்கள் சொல்லும் உண்மையும் எடுபடாது.

ஆறாம் படி: கட்டடத்துக்குள் நுழைவது

வாசல்கள் உண்டு. பாதுகாப்பு கவுன்சிலின் நடைமுறை விதி 39, தகவல் தரக்கூடிய யாரையும் அழைக்கலாம் என்கிறது. பொதுச் சபையின் நான்காம் குழு ஒவ்வோர் அக்டோபரிலும் மேற்கு சஹாரா போன்ற பகுதிகளுக்காக மனுதாரர்களைக் கேட்கிறது. முன்கூட்டியே கடிதம் கொடுத்தால் சில நிமிடங்கள் பேசலாம். ஜெனீவாவில் மனித உரிமைக் கவுன்சில் நடக்கும்போது, ஐ.நா.வில் ஆலோசனைத் தகுதி பெற்ற தொண்டு நிறுவனத்தின் பெயரில் உள்ளே போய்ப் பேசுவது பழைய வழி. மார்ச் மாதக் குளிரில் அங்கே போய் வந்த ஈழத் தமிழர்களுக்கு இந்த அனுமதிச் சீட்டு விவகாரம் அத்துபடி.

1992இல் நடந்தது ஒன்று. பொஸ்னியாவிலிருந்து ஒரு பாதிரியார் அங்கே நடப்பதைச் சொல்ல நியூயார்க் வந்தார். அவரை முறையான கூட்டத்துக்குள் அழைக்க வழி கிடைக்கவில்லை. கவுன்சிலில் இருந்த வெனிசுலா தூதர் டியேகோ அரியா, ‘பிரதிநிதிகள் ஓய்வறையில் காபி குடிக்க வாருங்கள், இவரையும் கேட்கலாம்’ என்று மற்ற உறுப்பினர்களைக் கூப்பிட்டார். வந்தார்கள், கேட்டார்கள். அந்தக் காபியே பிறகு ‘அரியா முறைக் கூட்டம்’ என்ற பெயரில் நிலைத்துவிட்டது. ஏதாவது ஒரு கவுன்சில் உறுப்பினர் ஏற்பாடு செய்தால் போதும். உங்களுக்கு வேண்டியது அந்த ஒரு நாடு.

அந்த ஒரு நாட்டைப் பிடித்து வைப்பதில் கிழக்கு திமோரின் ஜோசே ரமோஸ்-ஹோர்ட்டாவை மிஞ்ச ஆள் இல்லை. 1975 டிசம்பர் 7 அன்று இந்தோனேசியா படையெடுத்தது. அதற்குச் சில நாள் முன்புதான் அவர் நாட்டைவிட்டுக் கிளம்பியிருந்தார். வயது 25. அதே மாதம் பாதுகாப்பு கவுன்சில் முன் பேசினார், தீர்மானம் 384 வந்தது. பிறகு நீண்ட இறக்கம். ஆண்டுதோறும் பொதுச் சபையில் ஆதரவு வாக்கு குறைந்துகொண்டே வந்தது. 1982இல் 50 ஆதரவு, 46 எதிர்ப்பு, 50 நடுநிலை. நான்கு வாக்கில் தப்பித்தது. அடுத்த ஆண்டு தோற்றுவிடும் என்பது தெளிவு. தோற்றால் கோப்பே மூடப்படும். அந்தத் தீர்மானம் இரு தரப்பையும் பேசவைக்கும் வேலையைப் பொதுச்செயலாளரிடம் கொடுத்திருந்தது. அதைச் சாக்காக வைத்து வாக்கெடுப்பை ஒவ்வோர் ஆண்டும் தள்ளிப்போட்டார்கள். திமோரை முன்பு ஆண்ட போர்ச்சுகலும், போர்ச்சுகீசு பேசும் ஆப்பிரிக்க நாடுகளும் கோப்பை நிகழ்ச்சி நிரலில் உயிரோடு வைத்திருந்தன. 1999இல் திமோர் மக்களிடமே வாக்கெடுப்பு, 2002 மே 20 அன்று விடுதலை. தோற்கப்போகும் வாக்கெடுப்பைக் கேட்காமல் இருப்பதற்குத் தைரியம் வேண்டும். உள்ளூரில் உங்களைக் கோழை என்பார்கள்.

ஏழாம் படி: சின்னக் கதவுகள்

ஐ.நா. உறுப்பினராக வேண்டும் என்றால் பாதுகாப்பு கவுன்சிலின் பரிந்துரையும் பொதுச் சபையில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். ஒரே ஒரு நிரந்தர உறுப்பினர் எதிர்த்துக் கையை உயர்த்தினால் கதை முடிந்தது. கொசோவோவுக்குக் குறுக்கே ரஷ்யாவும் சீனாவும் நிற்கின்றன. அதனால் அது பக்கத்துக் கதவுகளைத் தட்டியது. 2008 பிப்ரவரி 17 அன்று சுதந்திர அறிவிப்பு, அடுத்த ஆண்டே சர்வதேச நாணய நிதியமும் உலக வங்கியும். 2014இல் ஒலிம்பிக் கமிட்டி, 2016இல் ஃபிஃபா. 2012 ஒலிம்பிக்கில் அல்பேனியா சார்பில் இறங்கிய ஜூடோ வீராங்கனை மைலிண்டா கெல்மெண்டி, 2016 ரியோவில் சொந்தக் கொடியின் கீழ் தங்கம் வாங்கினார். அங்கீகரிக்காத நாட்டுத் தொலைக்காட்சியிலும் அந்தக் கொடி ஏறியது.

இன்னும் சுவையான கதை தொலைபேசி எண்ணுடையது. கொசோவோக்காரர்கள் கைபேசிக்கு மொனாக்கோ, ஸ்லோவேனியா நாட்டுக் குறியீடுகளை இரவல் வாங்கி ஓட்டினார்கள். செர்பியாவோடு பிரஸ்ஸல்ஸில் பேசிப் பேசி, 2016 டிசம்பரில் 383 என்ற சொந்த எண் வந்தது. தோல்வியும் உண்டு. 2015இல் யுனெஸ்கோவில் 92 பேர் ஆதரித்தும் மூன்று வாக்கு போதவில்லை.

சோமாலிலாந்துக்கு இன்னும் சோமாலியாவின் 252தான் குறியீடு. அதன் கதவு பெர்பெரா துறைமுகம். துபாயின் டிபி வேர்ல்டு 2016இல் 44.2 கோடி டாலர் முதலீட்டுக்கு ஒப்பந்தம் போட்டது. மொகதிஷுவில் இருக்கும் சோமாலிய நாடாளுமன்றம் அந்த நிறுவனத்தையே தடை செய்தது, துறைமுக வேலை நிற்கவில்லை. கப்பல் வரும் இடத்துக்குக் காப்பீட்டுக்காரர், வங்கிக்காரர், கடற்படைக்காரர் எல்லோரும் வந்து உங்களோடு பேசித்தான் ஆக வேண்டும்.

எட்டாம் படி: நீதிமன்றம், யோசித்து

பொலிசாரியோவுக்குப் பாதுகாப்பு கவுன்சிலில் கிடைக்காதது லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தில் கிடைத்தது. மேற்கு சஹாரா மக்களின் சம்மதம் இல்லாமல் ஐரோப்பிய ஒன்றியம் மொராக்கோவோடு போட்ட வேளாண், மீன்பிடி ஒப்பந்தங்கள் அந்த நிலத்துக்குப் பொருந்தாது என்று 2016 முதல் வரிசையாகத் தீர்ப்புகள், 2024 அக்டோபர் 4 அன்று மேல்முறையீட்டிலும் உறுதி. 2017இல் நியூசிலாந்துக்குப் பாஸ்பேட் ஏற்றிப்போன கப்பலைத் தென்னாப்பிரிக்கத் துறைமுகத்தில் நிறுத்தியே வைத்தார்கள். நாடு இல்லாவிட்டாலும் சொத்துக்காரர் என்ற முறையில் வழக்குப் போட முடிந்தது.

ஆனால் கேள்வியை யார் எழுதுகிறார் என்று பாருங்கள். கொசோவோவின் அறிவிப்பு சட்டப்படி சரியா என்று சர்வதேச நீதிமன்றத்தைக் கேட்க வைத்தது செர்பியா. கேள்வி ‘அறிவிப்பு’ பற்றி மட்டும் இருந்ததால், அறிவிப்பது சர்வதேசச் சட்டத்தை மீறவில்லை என்று 2010 ஜூலை 22 அன்று 10க்கு 4 என்ற கணக்கில் பதில் வந்தது. செர்பியா தன் கேள்வியாலேயே தோற்றது. மார்ஷல் தீவுகள் 2014இல் அணு ஆயுத நாடுகள் மீது வழக்குப் போட்டது. இந்தியாவுக்கு எதிரான வழக்கு 9க்கு 7 என்ற கணக்கில், இருவருக்கும் இடையே தகராறே எழவில்லை என்ற காரணத்தில் தள்ளுபடி ஆனது. வழக்குக்கு முன்பே இந்தியாவுக்கு ஒரு முறையான எதிர்ப்புக் கடிதம் போட்டு வைத்திருந்தால் கதை மாறியிருக்குமா? எனக்கு அந்தச் சந்தேகம் இன்னும் உண்டு.

ஒன்பதாம் படி: கிடைத்ததைக் காப்பது

அங்கீகாரம் திரும்பியும் போகும். இந்தியா 1985இல், பொலிசாரியோ அறிவித்த சஹாரா குடியரசை அங்கீகரித்தது, 2000இல் விலக்கிக்கொண்டது. ஜார்ஜியாவிலிருந்து பிரிந்த அப்காசியாவை அங்கீகரித்த பசிபிக் தீவுகளில் வனுவாட்டுவும் துவாலுவும் சில ஆண்டுகளில் பின்வாங்கின. விலைக்கு வாங்கிய அங்கீகாரம் என்ற பேச்சு எழுந்தால், நாளை உண்மையாகவே கிடைப்பதற்கும் அந்தக் கறை ஒட்டும்.

யாரிடமிருந்து முதலில் வருகிறது என்பதும் கணக்கு. 2025 டிசம்பர் 26 அன்று இஸ்ரேல் சோமாலிலாந்தை அங்கீகரித்தது. மான்டிவீடியோ ஒப்பந்தம் கையெழுத்தான அதே தேதி, 92 ஆண்டு கழித்து. ஹர்கெய்சாவில் கொண்டாட்டம். ஆப்பிரிக்க ஒன்றியமும் பல அரபு நாடுகளும் கண்டித்தன. இதன் வரவு செலவை இப்போதே எழுத முடியாது. இத்தகைய வாய்ப்பு வந்தால், அறிவிப்பு வெளியாகும் முன்பே மற்ற இருபது தலைநகரங்களுக்குச் சொல்ல வேண்டிய வாசகத்தைத் தயார் செய்து வைத்திருங்கள்.

உளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. திமோர் கடலின் எண்ணெய்க்காக 2004இல் கிழக்கு திமோர் ஆஸ்திரேலியாவோடு பேசியபோது, தலைநகர் டிலியின் அமைச்சரவைக் கட்டடத்தில் ஒட்டுக்கேட்கும் கருவி வைக்கப்பட்டது என்பது பிறகு வெடித்த குற்றச்சாட்டு. உதவித் திட்டம் என்ற பெயரில் நடந்த கட்டட வேலையின்போது வைத்தார்களாம். யாராவது உங்கள் அமைச்சகத்துக்கு இலவசமாக வெள்ளையடித்துத் தருகிறோம் என்று வந்தால் நன்றி சொல்லுங்கள், பேச்சுவார்த்தை உத்தியை வேறு கட்டடத்தில் பேசுங்கள்.

இன்னொரு பக்கம், கூட்டாளிகளைச் சேர்ப்பது. 2015இல் பாரிஸ் காலநிலை மாநாட்டில் டோனி டி பிரம் அதைச் செய்து காட்டினார். மாநாட்டுக்கு மாதங்களுக்கு முன்பே சத்தமில்லாமல் அமைச்சர்களைக் கூட்டினார்; பணக்கார நாடு, ஏழை நாடு என்ற பழைய வரிசையைத் தாண்டிய கூட்டணி. கடைசி நாட்களில் அது நூறு நாடுகளைத் தாண்டியது. இறுதிக் கூட்டத்துக்கு அமெரிக்க, ஐரோப்பியப் பிரதிநிதிகளோடு அவர் சேர்ந்து நடந்து வந்தார், சட்டையில் மார்ஷல் தீவின் காய்ந்த தென்னோலைக் கீற்று. மற்றவர்களும் அதைக் குத்தியிருந்தார்கள். ஒன்றரை டிகிரி என்ற இலக்கு ஒப்பந்தத்தில் ஏறியது. மார்ஷல் தீவுகளின் மொத்த மக்கள்தொகை நம் ஊரில் ஒரு நடுத்தர நகராட்சி அளவுதான்.

கடைசியாக, பதவி மாறும் நாள். சோமாலிலாந்தில் 2024 நவம்பர் தேர்தலில் ஆட்சி மாறியது, புதிய ஆட்கள் வந்தார்கள். உங்கள் ஊரிலும் மாறும். இரண்டாம் படியில் போட்ட நோட்டு, கொடுத்த ஒவ்வொரு நான்-பேப்பரின் நகல், எந்தக் கூட்டத்தில் யார் என்ன உறுதி தந்தார் என்ற தேதியிட்ட குறிப்பு, ஆலோசகர் ஒப்பந்தம், அலுவலக வாடகைப் பத்திரம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்து, அடுத்து வருபவரிடம் உட்கார்ந்து விளக்கி ஒப்படையுங்கள். முடிந்தால் அவரைக் கையோடு நியூயார்க்குக்கு அழைத்துப்போய் மேசை அதிகாரிகளுக்கு அறிமுகம் செய்துவிட்டுத் திரும்புங்கள். அக்டோபருக்கு முன்பாக.